சாவி வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டு: புது ஃபிளாட்டில் செய்யக் கூடாத தவறுகள்

குடிவந்த பிறகு பெய்த முதல் ஐப்பசி மழையில், எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு தெரிந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. இரண்டு வாரத்தில் பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் கீறினால் வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. சைட் இன்ஜினீயருக்கு போன் செய்தேன். "மழை நிக்கட்டும் சார், ஆள் அனுப்புறேன்" என்றார். சொன்னபடி ஆள் வந்தார், பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே திட்டு, முன்னைவிட இரண்டு மடங்கு. அந்த இன்ஜினீயர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஓராண்டாகப் புகார் சொல்லி வந்ததற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ரெரா என்று நாம் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுதான் புது ஃபிளாட்டுக்கான வாரண்டி. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் குறையைத் தெரியப்படுத்தினால், பில்டர் 30 நாளில் கட்டணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் வாங்கியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. இதற்குத் தனியாக ஒரு பாலிசியோ பிரீமியமோ கிடையாது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் இதைப் பயன்படுத்தாமலேயே 5 ஆண்டைக் கடத்திவிடுகிறார்கள்.

முதல் தவறு, நான் செய்ததுதான்: வாயால் மட்டும் சொல்வது. போனில் சொன்னதையும் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியதையும் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. அந்த 30 நாள் எப்போது தொடங்கியது என்பதைக் காட்ட நம் கையில் ஒரு தேதி இருக்க வேண்டும். அதனால் பில்டரின் அலுவலக முகவரிக்கு மின்னஞ்சல் ஒன்று, ஒப்புகையோடு தபால் ஒன்று. நீளமாக எழுத வேண்டாம். வீட்டு எண், சாவி வாங்கிய தேதி, எந்த அறையில் எந்தச் சுவர், முதலில் எப்போது பார்த்தீர்கள், இவ்வளவு போதும். கூடவே தேதி தெரியும் புகைப்படங்கள். விரிசலாக இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், அது பூச்சு உலர்ந்ததால் வந்த மயிரிழை விரிசல் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம்.

சாவி கொடுக்கும் நாளிலேயே நடக்கும் தவறு ஒன்று உண்டு. "வீட்டை முழுமையாகப் பார்த்தேன், குறை எதுவும் இல்லை" என்று அச்சடித்த கடிதத்தை நீட்டுவார்கள். வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியில் இருக்கும் நேரம், பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாணயத்தை எடுத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். கண்ட குறைகளை அந்தக் கடிதத்திலேயே கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், காலக் கணக்கு. கட்டுமான ஒப்பந்தத்தில் "குறைகளுக்கு 12 மாதம் மட்டுமே பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தால் பலரும் அதை நம்பி ஓய்ந்துவிடுகிறார்கள். சட்டம் தரும் 5 ஆண்டை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் குறைத்துவிட முடியாது. கணக்குத் தொடங்குவது பத்திரம் பதிவான நாளிலிருந்தும் அல்ல, வீடு கைக்கு வந்த நாளிலிருந்து. ஆகவே ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள்.

தூண், பீம் இடிந்தால்தான் கேட்கலாம் என்று நினைப்பதும் தவறு. வேலைப்பாடு, பொருளின் தரம், செய்துதர வேண்டிய வசதிகள், இவற்றில் வரும் குறையையும் அதே பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஒழுகும் பாத்ரூம், ஓதம் ஏறும் சுவர், தூக்கிக்கொண்ட டைல்ஸ் எல்லாம் இதற்குள் வரும்.

பொறுமை இழந்து நாமே கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்துப் பார்ப்பது இன்னொன்று. உடைத்துவிட்டால் மூலக் காரணம் என்ன என்பதற்கான ஆதாரமும் போய்விடும், "நீங்கள் கை வைத்ததால்தான் இப்படி" என்ற பதிலும் வரும். கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது, காத்திருக்க முடியாது என்றால், முதலில் படமும் வீடியோவும் எடுத்து பில்டருக்கு எழுதிவிட்டு, பிறகு செய்யுங்கள். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். பாத்ரூமில் புதுக் குழாய் மாட்டவோ வெஸ்டர்ன் டாய்லெட்டை இடம் மாற்றவோ தரையை உடைப்பவர்களும் யோசிக்க வேண்டும். டைல்ஸுக்குக் கீழே இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் ஒரு முறை கிழிந்தால், அதன் பிறகு வரும் ஒழுகலுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு முடியவே முடியாது.

மொட்டைமாடி, லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் போன்ற பொதுச் சொத்துகளுக்கு, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கடிதம் போவது நல்லது. இவற்றின் பில்லும் வாரண்டி அட்டையும் பெரும்பாலும் பில்டரின் பெயரில் அவர் அலுவலகத்திலேயே தங்கிவிடும். சங்கம் பொறுப்பேற்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுவிற்பனையில் வாங்கியவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்று சொல்லும்போது, பின்னர் விற்பனை மூலமாக அதைப் பெற்றவரையும் சேர்த்தே சொல்கிறது, வாடகைக்கு இருப்பவரைத்தான் விலக்குகிறது. முதல் உரிமையாளர் சாவி வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

30 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், இந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவில் புகார் செய்யலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டிய திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட சிறிய கட்டடத்தில் வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

எங்கள் சுவருக்கு, கடிதம் போன 18-ஆம் நாள் ஆள் வந்தார். இந்த முறை பட்டி டப்பாவோடு அல்ல, மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி வெளிப்பக்கமாக இறங்கினார். ஜன்னலின் வெளிப்படிக்கு வாட்டம் தப்பாக இருந்தது, மழைத்தண்ணீர் வெளியே வழியாமல் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொத்தி எடுத்து, வாட்டத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பூசினார். வேலை அரை நாள்தான்.