சத்தமில்லாமல் திருத்தாதீர்கள்: திரைக்குப் பின்னால் வேலை செய்யும் தொடர்பாடல்காரர்களுக்கு

"அக்கா, எல்லாப் பிழையையும் நானே திருத்திப் போட்டன். ஒருத்தருக்கும் தெரியாது."

போன மாதம் ஓர் இரவு, எட்டரை மணி இருக்கும், மருதானையில் ஓர் அச்சகத்திலிருந்து எடுத்து ஒரு தங்கச்சி சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 15 வருடத்துக்கு முன் அதே மாதிரி ஓர் அச்சக வாங்கில் உட்கார்ந்து அதே சந்தோஷத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும்.

கொழும்பில் எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். ஊடக அறிக்கை எழுதுவோம், பணிப்பாளரின் உரையைத் தயாரிப்போம், பதாகையின் தமிழைப் பார்ப்போம். பெயர் எங்கேயும் வராது. அது இந்தத் தொழிலின் இயல்பு, அதில் எனக்குக் குறையில்லை. பெயர் வராமலே மேலே போக முடியும். ஆனால் சில தவறுகளை விட வேண்டும். எழுத்துப்பிழை, தாமதம் போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அவற்றுக்கு இரண்டு தரம் ஏச்சு வாங்கினால் தானாகவே திருந்திவிடுவோம்.

சத்தமில்லாமல் திருத்துவது

டெங்கு விழிப்புணர்வுக்கு ஒரு சுவரொட்டி. சிங்கள வாசகமும் ஆங்கில வாசகமும் முடிவாகி, படம் முடிவாகி, மேலே ஒப்பமும் வாங்கியாயிற்று. பின்னேரம் நாலரைக்கு என் மேசைக்கு வரும்: "தமிழில் போட்டுத் தாங்க, 5 மணிக்கு அச்சுக்குப் போகுது." 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. வேலை மேசையில் மட்டும் தமிழுக்குக் கிடைப்பது கடைசி அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் என் வரிகளை வெட்டி, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒட்டுவார். "கொழும்பு" என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். அவர் கண்ணுக்கு அதுவும் தமிழ்தான். அந்த மென்பொருளின் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவை எடுத்தால் சரியாகிவிடும். இதை நானே பல இரவுகள் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். இன்னொரு முறை, சென்னையில் யாரோ எழுதிய வாசகத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். வரிக்கு வரி "கொசு". இங்கே டெங்குத் துண்டுப்பிரசுரத்தில் எங்கள் சனம் பார்த்துப் பழகிய சொல் நுளம்பு. அதையும் மாற்றினேன். அச்சகத்திலேயே இருந்து மாற்றிவிட்டு, பத்து மணிக்குக் காலி வீதியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். காலையில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் கடமை என்று நினைத்தேன்.

ஐந்து வருடம் அப்படியே போயிற்று. அப்புறம் பிரசவ விடுமுறையில் நின்றேன். அந்த இடைவெளியில் ஒரு பெரிய பதாகை, கொம்பெல்லாம் உடைந்த எழுத்துகளோடு தொங்கியது. பேஸ்புக்கில் போட்டுக் கிழித்தார்கள். திரும்பி வந்தபோது அலுவலகத்தில் ஒரே பேச்சு: "முந்தி ஒரு நாளும் இப்படி நடந்ததில்லையே!" காரணம் தேடி, கடைசியில் அச்சகத்தை மாற்றினார்கள். ஐந்து வருடமாக ஒரு ஆள் இரவில் உட்கார்ந்து தடுத்த பிழை அது என்று அந்த அறையில் எவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நான்தான் ஒருமுறையும் சொல்லவில்லையே.

அந்த வருடம் முகாமையாளர் பதவி ஒன்று காலியானது. என் வருடாந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு வரி: "மொழிபெயர்ப்புகளை நேரத்துக்கு முடித்துக் கொடுப்பவர்." பதவி எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணில் பட்டதைத்தான் அவர் எழுதினார். உழைப்பு முழுவதையும் நானே கொண்டுபோய் மறைத்து வைத்தேன், அதுதான் எரிச்சல்.

வந்துவிட்ட பிழையை ஊரே படம் பிடிக்கும். தடுத்த பிழைக்குப் படமே கிடையாது. அதனால் வேலை முடிந்த அன்றே மூன்று வரி எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பத் தொடங்கியது இந்த மாதிரி:

"தமிழ்ப் பிரதியில் இரண்டு மாற்றம். 'கொசு' என்பதை 'நுளம்பு' ஆக்கினேன், இங்குள்ளவர்களின் சொல் அது. கொம்பு எழுத்துகள் உடைந்திருந்தன, அச்சுக்குப் போகமுன் நிறுத்திச் சரிசெய்தோம். அடுத்த முறை ஒரு நாள் முந்தித் தந்தால் இரவு வேலை மிச்சம்."

யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். "சரிசெய்தோம்" என்று வடிவமைப்பாளரையும் சேர்த்து எழுதுங்கள், அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். ஏழெட்டுக் குறிப்பு போன பிறகு எனக்கு முதல் கூட்டத்துக்கே அழைப்பு வந்தது. வாசகம் முடிவாகமுன், "சிங்களத்தில் இருக்கிற இந்த எதுகை தமிழில் நிற்காது, வேறு வழி யோசிப்போம்" என்று அங்கேயே சொல்ல முடிந்தது. அன்றிலிருந்துதான் என்னை மொழிபெயர்ப்பாளர் என்று அறிமுகப்படுத்துவதை நிறுத்தினார்கள்.

அந்தத் தங்கச்சியை அன்றிரவே குறிப்பு எழுத வைத்தேன். "பெருமை அடிக்கிற மாதிரி இருக்காதா அக்கா?" என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதுவதில் என்ன பெருமை?

"நாங்கள் செய்தோம்" என்றே சொல்வது

மின்னஞ்சலில் அது நல்ல பழக்கம். நேர்முகப் பரீட்சையில் அது உங்களை அழித்துவிடும். எதிரே இருப்பவர் கேட்பது உங்கள் பங்கை. "மூன்று மொழிக்கும் ஒரே நேரத்தில் வாசகம் எழுதும் முறையை நான் முன்வைத்தேன், குழு ஏற்றது" என்று சொல்லுங்கள். நான் என்ற சொல்லுக்குக் கூச்சப்படும் வளர்ப்பு எங்களுடையது. அந்த அரை மணி நேரம் மட்டும் அதைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

பணிப்பாளர் பேசிய உரை நான் எழுதியது என்று வெளியில் சொல்வது

ஒருபோதும் வேண்டாம்.

பத்திரிகைத் தொடர்பை மேலதிகாரியிடமே விட்டுவிடுவது

வீரகேசரி, தினகரன், தினக்குரல் என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையாக இருந்தாலும், செய்திப் பிரிவில் உங்கள் அறிக்கையைத் திறந்து பார்க்கும் ஆளை நீங்களே தெரிந்து வைத்திருங்கள். பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் கிராண்ட்பாஸ் வீதிக்கோ லேக் ஹவுசுக்கோ ஒரு தரம் நேரில் போய் வந்தால் போதும், அடுத்த முறை தொலைபேசியில் குரலே பழகியிருக்கும். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள், அதிலிருந்து வெட்டி ஒட்டினால் தமிழ் சிதறிவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடில் வேர்ட் கோப்பாக அனுப்புங்கள், யார் எந்த வடிவில் கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். வேலை மாறினாலும் இந்த அறிமுகம் உங்களோடு வரும்.

நல்லா வேலை செய்தால் ஒரு நாள் பார்ப்பார்கள் என்று இருப்பது

பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் அலுவலக மின்னஞ்சலிலேயே விட்டு வைப்பது

விலகும் நாளில் கணக்கை மூடிவிடுவார்கள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் மூடியாயிற்று. உள்ளக ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை, அது தப்பு. வெளியான அறிக்கை, அச்சான சுவரொட்டி, பத்திரிகையில் வந்த துண்டு, இவை பகிரங்கமானவை, ஒவ்வொரு பிரதி எடுத்து வையுங்கள். கூடவே ஒரு சாதாரணக் கொப்பி. திகதி, என்ன கேட்டார்கள், நான் என்ன முடிவெடுத்தேன், பிறகு என்ன நடந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்து நிமிடம் ஒதுக்கினால் எழுதி முடியும். என்னுடையது இப்போது நாலாவது கொப்பி.