மட்டக்களப்பு, அம்பாறையில் ஈரநில வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்மதிப் படமும் உயரத் தரவும் வைத்து ஈரநிலம் வரையப் பழகுகிறவர்களின் கோப்புகளைத் திறந்தால், முன்பு எல்லோரும் விட்ட அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முகில் மூடிய படத்தை எடுப்பது போன்றவை ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்தும். திருந்தாதவை மட்டும் இங்கே.

ஒரேயொரு நாள் படத்தை நம்புவது

மார்கழிப் படத்தில் படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) முழுக்கத் தண்ணீர். பெரும்போக வயல், வில்லு (மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஆழமில்லாத ஈரநிலம்), குளத்து அலைகரை எல்லாம் ஒரே நிறம். ஆவணிப் படத்தில் வில்லு காய்ந்து புல்வெளியாகக் கிடக்கும். எந்த ஒரு படமும் தனியாக உண்மை சொல்லாது. முகில் தடுக்காத சென்டினல்-1 (ஐரோப்பியச் செய்மதி) ரேடார் படங்களை 12 நாளுக்கு ஒன்றாக ஒரு வருடத்துக்கு அடுக்கி, விஎச் அலைமுனைவின் (நிலைக்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் சமிக்ஞையின்) வரைகோட்டைப் பாருங்கள். தண்ணீர் கட்டிய வயலில் அது தாழ்ந்து, பயிர் வளர வளர ஏறி, அறுவடையோடு இறங்கும். சிறுபோகமும் செய்யும் வயலில் இது வருடத்தில் இரு தடவை நடக்கும். பன்புல் வளர்ந்த சதுப்பில் அந்தத் தாளம் இல்லை. மானாவாரியில் புழுதி விதைப்பு நடந்த இடங்களில் முதல் தாழ்வு தெளிவாக விழாது. அங்கே விதைப்புத் திகதியை வட்டை விதானையிடம் (வட்டை என்னும் வயல்வெளிக்குப் பொறுப்பானவர்) கேட்டுக் குறிப்பதே குறுக்கு வழி.

உயரத் தரவை நீர்மட்ட அளவுகோலாக நினைப்பது

இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எஸ்ஆர்டிஎம் என்ற இலவச உயரத் தரவை இறக்கி, "2 மீட்டருக்குக் கீழே எல்லாம் ஈரநிலம்" என்று ஒரு வரி எழுதினால் படம் தயார். பார்க்க அழகாகவும் இருக்கும், ஆகவே யாரும் கேள்வி கேட்பதில்லை. அதை நம்பி எல்லைக்கல் நாட்டப் போனால்தான் செலவு தெரியும்.

எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் எடுத்த ரேடார் அளவு. பரவலாகக் கிடைக்கும் பதிப்பில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும், அரை மீட்டர் என்ற பேச்சே இல்லை. அதற்கு விதிக்கப்பட்ட செங்குத்துப் பிழை எல்லை 16 மீட்டர். தட்டை நிலத்தில் உண்மைப் பிழை இதைவிடக் குறைவு, ஆனாலும் சில மீட்டர் வரும். நமது கரையோரத்தில் வாவி ஓரம், வயல், வீதி மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அந்தச் சில மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அதைவிட மோசம், அந்த ரேடார் மர உச்சிக்கும் தரைக்கும் நடுவே எங்கோ பட்டுத் திரும்பியது. தண்ணீரில் நிற்கும் கண்டல் காடு மேடாகத் தெரிந்து வரைபடத்திலிருந்து விழுந்துவிடும். வெட்டையான வயல் பள்ளமாகி உள்ளே வந்துவிடும். ஈரநிலம் வெளியே, வயல் உள்ளே! 2011 முதல் 2015 வரையான அளவுகளில் செய்த கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவு மேலானது, தசம உயரமும் தரும். ஆனால் அதிலும் மரமும் கூரையும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்கு மேல் ஒரு கொடுமை, பள்ளம் நிரப்பும் படி: நீர் எங்கும் தேங்காமல் ஓடுவதாகக் கணக்கிட, உயரத் தரவின் பள்ளங்களை மென்பொருளால் நிரப்புவது. நீரியல் பாடம் எல்லாவற்றிலும் அதுதான் முதல் கட்டளை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள். மலைநாட்டில் சரி. இங்கே வில்லும், மடுவும், கைவிட்ட சிறு குளமும்தான் அந்தப் பள்ளங்கள். நிரப்பிய கோப்பில் தேடினால் என்ன கிடைக்கும்? மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, நிரப்பியதிலிருந்து அதைக் கழியுங்கள். வருவது பள்ளத்தின் ஆழம். அதில் இரைச்சலும் நிறைய இருக்கும். பல திகதிப் படங்களில் ஈரமாகத் தெரியும் பள்ளங்களை மட்டும் வைத்திருங்கள். ஓட்டப் பாதை தேவையென்றால் மதகு, தாம்போதி உள்ள இடத்தில் மட்டும் கோப்பில் தெரியும் அணைக்கட்டை வெட்டிவிடுங்கள்.

உயரத்தை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்: அருகிலுள்ள நீரோட்டத்துக்கு மேல் எவ்வளவு என்ற கணக்குப் போதும். வாவிக்கரைக்குச் சமவுயரக் கோடு வேண்டுமென்றால் தண்ணீரே வரையட்டும். நீர்மட்ட அளவுகோல் பதிவு உள்ள நாட்களின் தெளிவான சென்டினல்-2 படங்களில் நீர் ஓரத்தை வரைந்தால் ஒவ்வொரு ஓரமும் ஒரு உயரம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. மணல் அடைத்த ஆற்றுவாயைக் கடலுக்கு வெட்டிவிட்டால் வாவி மட்டம் மளமளவென இறங்கும். 5 நாள் இடைவெளிப் படங்கள் இரண்டும் வேறு வேறு வாவி போல் இருக்கும். வெட்டிய திகதியை மீனவர்களிடம் கேளுங்கள்.

கையடக்க ஜிபிஎஸ்ஸால் உயரம் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பகுதியில் கடல்மட்டம், ஜிபிஎஸ் உயரத்துக்கு அடிப்படையான நீள்வளையப் பரப்புக்கு (பூமியின் கணித வடிவம்) 90 மீட்டருக்கும் கீழே. கடற்கரையில் நின்று மறை 90 சொச்சம் கண்டால் கருவி பழுதில்லை.

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரையை) தரை என்று எண்ணுவது

பச்சை, அண்மை அகச்சிவப்புப் பட்டைகளை வைத்த நீர்ச்சுட்டெண், மிதக்கும் இலையைக் கண்டால் தரையைப் போல மறை எண் காட்டும். குளக்கட்டுக்குள் கோடையிலும் பச்சை என்றால் ஆற்றுவாழையா சல்வீனியாவா (மிதக்கும் பன்னம்) என்று போய்ப் பாருங்கள்.

தோணாவைப் பிக்சலில் தேடுவது

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்துத் தோணா போன்ற ஒடுங்கிய நீர்நிலை, 10 மீட்டர் பிக்சலில் புல்லோடும் கூரையோடும் கலந்துபோகும். 30 மீட்டர் லான்ட்சாட்டில் சொல்லவே வேண்டாம். உயர்தெளிவுப் படத்தின் மேல் கையால் வரையுங்கள்.

முகில் நிழல்

கறுப்பாகத் தெரிந்தாலும் அது தண்ணீர் அல்ல. முகிலோடு சேர்த்து அதையும் மறையுங்கள்.

கண்டவளையையும் எஸ்எல்டி 99ஐயும் கலப்பது

இவை இலங்கையின் பழைய, புதிய ஆள்கூற்று முறைகள். மட்டக்களப்பு நகரின் கிழக்கெண் (கிழக்குத் திசை ஆள்கூறு, மீட்டரில்) ஏறத்தாழ 300,000 என்றால் பழைய கண்டவளை. 600,000 என்றால் எஸ்எல்டி 99. பரப்பளவைப் பாகையில் கணக்கிட வேண்டாம்.

பயிற்றிய இடத்திலேயே பரீட்சை வைப்பது

படத்தில் வரைந்த ஒரே பலகோணத்துக்குள் பாதிப் புள்ளியை வகைப்படுத்தும் மென்பொருளைப் பயிற்றவும் மீதியை அதைச் சோதிக்கவும் எடுத்தால் துல்லியம் பிரமாதமாக வரும், பொய்யாக. சோதனைப் புள்ளிகளை வேறு வட்டைகளில், சதுப்பின் நடுவில் அல்லாமல் ஓரங்களில் எடுங்கள். தையில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை அதே புள்ளிகளுக்குப் போக வேண்டும். படுவான்கரையில் என்றால் பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள், யானை இறங்கும்.