கேட்காமல் வந்த பார்சலும் மஞ்சள் கவரும்: ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன வாரம் கோபிச்செட்டிபாளையத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒறம்பரை எல்லாம் கிளம்பிவிட்டார்கள். மீதமிருந்த ஒப்புட்டை அக்கா வாழை இலையில் மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து மாப்பிள்ளை, அக்கா மகன், வீடியோ காலில் வந்தான். அங்கே போய் ஏழு வாரம்தான் ஆகிறது.

"மாமா, நான் எதுவுமே ஆர்டர் பண்ணலைங்க. மூட்டு வலி மாத்திரைன்னு ஒரு டப்பா என் பேருக்கு வந்திருக்குது. கூடவே 49 யூரோ 90 சென்ட்டுக்குப் பில்லு. பதினாலு நாளுக்குள்ள கட்டோணுமாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்துவிட்டாள். "கட்டிப் போட்டுரு சாமி. ஊரு விட்டு ஊரு போன எடத்துல நமக்கெதுக்கு வம்பு?"

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். பாக்கி கேட்டு ஒருத்தர் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்பது எங்கள் அய்யனுக்குப் பெரிய விஷயம். பொருளைக் கையில் வாங்கினால் காசு கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஊரில் வி.பி.பி. பார்சல் வந்தால் போஸ்ட்மேன் முதலில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் கட்டைக் கொடுப்பார். வேண்டாம் என்றால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். வாங்கியாகிவிட்டது என்றாலே பணம் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்கு வந்தால், தபால் பெட்டியில் கிடக்கிற டப்பாவைப் பார்த்ததும் கை தானாக பேங்க் ஆப்பைத் திறக்கும்.

திறக்காதீர்கள். மாப்பிள்ளைக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன். நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன், இதில் பணத்தை இழந்தவன்.

முதலில் சடங்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்ட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் போட மாட்டார், வரி எண் வரும் கடிதம்கூட திரும்பிப் போய்விடும். நம் ஆட்கள் நிறையப் பேர் தவறவிடுவது இந்தப் பெயர் ஒட்டுவதைத்தான். ஒட்டிவிட்டால் ரோட்டில் போகிற யாரும் அதைப் படிக்கலாம் என்பதும் உண்மை. "என் பேரு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மாப்பிள்ளை பயந்தான். பெயர் தெரிந்திருப்பதால் மட்டும் நீங்கள் ஆர்டர் செய்ததாக ஆகிவிடாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தில் 241ஏ என்று ஒரு பிரிவு, 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வியாபாரி ஒருவர், கேட்காத பொருளை ஒரு நுகர்வோருக்கு அனுப்பினால், அதற்காக அவரிடம் எதையும் கேட்கும் உரிமை வியாபாரிக்குக் கிடையாது. காசு தர வேண்டாம். திருப்பி அனுப்ப வேண்டாம். பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டாம். "பதினாலு நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கியதாகக் கொள்ளப்படும்" என்று தாளில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. நீங்கள் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது.

ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து உங்கள் மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள். "முதல் டப்பா இலவசம்" என்று எதையாவது கிளிக் செய்தீர்களா? போனில் யாரோ பேசி நீங்கள் "யா, யா" என்று தலையாட்டினீர்களா? அறையில் கூட இருக்கிற பையன் உங்கள் பெயரில் ஆர்டர் போட்டானா? நீங்களே ஆர்டர் செய்திருந்தால் வழி வேறு. பொருள் கைக்கு வந்த பதினாலு நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்து திருப்பி அனுப்பலாம். வேறு யாரோ உங்கள் பெயரையும் விலாசத்தையும் வைத்து ஏமாற்றி வாங்கியிருந்தால் கடைக்குச் சொல்லுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். புகாரை இணையத்திலேயே பதியலாம்.

இன்னொன்று, தவறிப்போய் வந்த பார்சல். நம்மவர்களுக்கு இது அதிகம் நடக்கும். எங்கள் கட்டடத்தில் கொஞ்ச காலம் இரண்டு குமார்கள் இருந்தார்கள். ஒருவர் எஸ். குமார், சேலத்துக்காரர். இன்னொருவர் கே. குமார், பொள்ளாச்சி. ஜெர்மன் தபால்காரருக்கு இனிஷியல் எல்லாம் கணக்கில் இல்லை. இவருடைய பார்சல் அவர் வீட்டில், அவருடையது இவர் வீட்டில். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதும் அங்கே சகஜம். அடுத்தவருக்கு என்று வந்த பொருளுக்கும், கடைக்காரர் ஏதோ ஆர்டர் இருப்பதாகத் தப்பாக நினைத்து அனுப்பியது பார்த்தாலே தெரிகிற பொருளுக்கும் நான் சொன்ன பாதுகாப்பு கிடையாது. பிரிக்காமல் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது என் கதை.

2017இல் ஒரு கவர் வந்தது. உள்ளே ஆண்கள் பனியன் மூன்று, 59 யூரோ 90 சென்ட்டுக்கு பில். நான் திருப்பூர்க்காரன். படிக்கப் போவதற்கு முன் இரண்டு வருஷம் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவன். சுத்தக் காட்டன் என்று போட்டிருந்தது. விரலில் வைத்துத் தேய்த்த உடனே பாலியஸ்டர் கலந்தது தெரிந்தது. தோள்பட்டைத் தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தது. எங்கள் டேபிளில் அந்தப் பீஸ் பாஸ் ஆகியிருக்காது. யாருக்கு யார் பனியன் விற்பது என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கூட வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர் 241ஏ பற்றிச் சொன்னார். அவ்வளவுதான், சட்டம் நம் பக்கம் என்ற தெம்பில் எல்லாவற்றையும் குப்பையில் போட ஆரம்பித்தேன்.

நினைவூட்டல் கடிதம் வந்தது. அதை அங்கே 'மானுங்' என்பார்கள். கிழித்தேன். இரண்டாவது, மூன்றாவது, அதையும் கிழித்தேன். அப்புறம் 'இன்காசோ', அதாவது வசூல் கம்பெனி எழுதியது. தொகை கூடிக்கொண்டே போனது, மிரட்டலும் கூடியது. அதையும் கிழித்தேன். அதுவரை எனக்குச் சட்டப்படி ஒரு கேடும் இல்லை.

பிறகு ஒரு மஞ்சள் கவர் வந்தது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊரின் நீதிமன்றம் அனுப்பியது. நான் இருந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் இதுவும் அந்தக் கம்பெனியின் பயமுறுத்தல்தான் என்று நினைத்து மேஜை டிராயரில் பிரிக்காமல் போட்டேன். அந்த வாரமே பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டேன். ஆறு வாரம். சீர், விருந்து, பண்ணாரி அம்மன் கோயில் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே என் தபால் பெட்டியில் இரண்டாவது மஞ்சள் கவர் விழுந்தது.

இதை மெதுவாகப் படியுங்கள். முதல் மஞ்சள் கவருக்குப் பெயர் 'மான்பெஷைட்'. பணம் கேட்கிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் போதும், நீதிமன்றம் அதை அனுப்பிவிடும். கேட்கிற தொகை நியாயமா, பொருளை நீங்கள் கேட்டீர்களா என்றெல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை. அது உங்கள் வேலை. பணம் கேட்கிறவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்துக்கான நீதிமன்றத்திலிருந்து வருவதால், ஹாகன், கோபுர்க், ஹ்யூன்ஃபெல்ட் என்று நமக்குத் தெரியாத ஊர்ப் பெயர் இருக்கும். அதனால் அது போலி ஆகிவிடாது. கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வாரம். உள்ளேயே ஆட்சேபப் படிவம் இருக்கிறது. முழுத் தொகையையும் மறுக்கிறேன் என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. சாதாரண மின்னஞ்சல் செல்லாது. இதைச் செய்துவிட்டால் அவர்கள் முறைப்படி வழக்குப் போட்டு நீங்கள் ஆர்டர் செய்ததை நிரூபிக்க வேண்டும். கேட்காத பொருளை அனுப்புகிறவர் அங்கே போய் என்னத்தை நிரூபிப்பார்?

இரண்டு வாரம் தாண்டிவிட்டாலும் அடுத்த உத்தரவு பிறக்கும் வரை ஆட்சேபம் எடுபடும். அதனால் பதினைந்தாம் நாள் என்றாலும் அனுப்புங்கள். அந்த அடுத்த உத்தரவுதான் இரண்டாவது மஞ்சள் கவர், 'ஃபோல்ஸ்ட்ரெக்குங்ஸ்பெஷைட்'. அதற்கும் இரண்டு வாரம் உண்டு. அதுவும் போய்விட்டால் அது தீர்ப்புக்குச் சமம், முப்பது வருஷம் செல்லும்.

கவர் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை. தபால் பெட்டியில் போட்டாலே சேர்ந்ததாகக் கணக்கு. தபால்காரர் பேனாவால் தேதியை அந்தக் கவரின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். நான் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

சில வாரம் கழித்து, அரிசியும் துவரம்பருப்பும் எடுத்துக்கொண்டு கடையில் கார்டை நீட்டினேன், போகவில்லை. வேறு மெஷினில் போட்டார்கள், போகவில்லை. கணக்கை முடக்கியிருந்தார்கள். வீட்டு வாடகையும் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அய்யன் முகம்தான் ஞாபகம் வந்தது.

நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு, 'ஃபெர்பிராவ்ஹர்சென்ட்ராலெ' என்பார்கள், ஓடினேன். எல்லா மாநிலத்திலும் உண்டு, சிறு கட்டணம் வாங்குவார்கள். ஊரில் இல்லாததால் கெடு தப்பியவருக்கு மறு வாய்ப்புக் கேட்கும் வழி சட்டத்தில் இருக்கிறது என்று அங்கிருந்த அம்மா சொன்னார். ஆனால் முதல் கவர் வந்து டிராயரில் கிடந்ததால், வழக்கு நடப்பது தெரிந்தும் ஏற்பாடு செய்யாமல் போனவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்றார். எல்லாச் செலவும் சேர்த்து 236 யூரோ கட்டினேன். கேட்காத மூன்று பனியனுக்கு. வங்கியிடம் கேட்டால் கணக்கைப் பாதுகாப்புக் கணக்காக மாற்றித் தருவார்கள், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய தொகையைத் தொட மாட்டார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதல் பில் வந்தவுடன் ஒரே ஒரு கடிதம். "இஷ் ஹாபெ டீஸெ வாரெ நிஷ்ட் பெஷ்டெல்ட்", இந்தப் பொருளை நான் ஆர்டர் செய்யவில்லை. நமக்குள் ஒப்பந்தம் இல்லை, உங்கள் கோரிக்கையை மறுக்கிறேன். மூன்று வரி போதும். சட்டப்படி இதுகூடக் கட்டாயம் இல்லைதான், ஆனால் எழுதுங்கள். வாடகை வீடு தேடும்போது எல்லோரும் கேட்கும் 'ஷூஃபா' என்ற கடன் பதிவில், நீங்கள் மறுத்துவிட்ட தொகையைத் தீர்ப்பு இல்லாமல் சேர்க்கக் கூடாது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். வசூல் கம்பெனிக்கும் அதையே ஒரு தடவை அனுப்புங்கள். அவர்களோடு போனில் பேசாதீர்கள். நூறு யூரோவுக்குப் பத்து யூரோ வீதம் தவணையில் கட்டுங்கள் என்று குழைவார்கள். தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு வருகிற எல்லாக் கடிதத்தையும் கிழித்துவிடாதீர்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். டிவியே இல்லை, நான் எதையும் கேட்கவில்லை என்று தோன்றும். அது உண்மையானது, வீட்டுக்கு ஒன்று கட்டியாக வேண்டும். நாலு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். போன வருஷம் ஈரோட்டுத் தங்கச்சி ஒருத்தி அதை மோசடி என்று ஒதுக்கி, பாக்கி சேர்ந்து அழுதாள்.

ஊருக்கு வரும்போது தபால் பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மஞ்சளாக எது வந்தாலும் பிரித்து, கவரின் மேலிருக்கும் தேதியோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஊரிலிருந்தும் ஆட்சேபம் எழுதி அனுப்ப முடியும்.

மாப்பிள்ளை மறுநாளே கடிதம் அனுப்பிவிட்டான். ரசீதின் படம் வந்தது. அக்கா என் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "காசு கேட்டு ஆரும் பையன் ரூமுக்கு வந்து நிக்க மாட்டாங்கல்ல?" என்றாள். முதலில் மஞ்சள் கவர்தான் வரும், அதை அவன் அன்றைக்கே பிரித்துவிடுவான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒப்புட்டுப் பொட்டலத்தை என் பையில் வைத்தாள். ஸ்டுட்கார்ட் போய்ச் சேரும் வரை தாங்குமா என்று கேட்டாள்.

என் பெட்டிச் சாவி இப்போது பெருந்துறைக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. நேற்று ராத்திரி வரை மஞ்சளாக எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.