வெப் டிசைனுக்கு எந்தக் கொம்பியூட்டர்? காசைக் குடுக்க முதல் இதைப் பாருங்கோ

போன மாசம் என்ர சித்தப்பாவின்ர மகள் போன் எடுத்தா. வெப் டிசைன் படிக்கத் தொடங்கியிருக்கிறா. "அண்ணா, லெப்டொப் வாங்கிறதோ டெஸ்க்டொப் வாங்கிறதோ தெரியேல்ல, அப்பிளின்ர மெக் இல்லாட்டி ஏலாது எண்டும் கிளாஸ்ல சொல்லுகினம்" எண்டா. ரெண்டு பேரும் ஒரு சனிக்கிழமை கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில கடை கடையா ஏறி இறங்கி ஒண்டு வாங்கினம். அண்டைக்கு அவவுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறன். வீடியோ எடிட்டிங், 3டி எண்டு போற ஆக்களுக்கு இது சரிவராது, வெப்சைட் டிசைனும் கொஞ்சம் கோடிங்கும் செய்யப்போற ஆக்களுக்கு மட்டும்.

படி 1: வேலை எங்க இருந்து செய்யப்போறீங்கள்

ஒரே காசுக்கு டெஸ்க்டொப்தான் வேகம் கூட, பிறகு ரேம் போடலாம், டிஸ்க் மாத்தலாம், ஒரு சாமான் பழுதானா அதை மட்டும் மாத்தலாம். ஆனா எங்கட ஊரில கரண்டையும் யோசிக்கோணும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனதும் அப்பிடித்தான். டெஸ்க்டொப் எண்டா யூபிஎஸ் கட்டாயம், சின்ன யூபிஎஸ் பத்து பதினைஞ்சு நிமிஷம்தான் தாங்கும், செய்ததை சேவ் பண்ணி ஓஃப் பண்ண மட்டும் நேரம் வரும். அதோட கிளையன்டின்ர கடைக்கே போய் டிசைனைக் காட்ட வேண்டி வரும், வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கு டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. அதால தொடங்கிற ஆக்களுக்கு நான் லெப்டொப்தான் சொல்லுவன். ஒஃபிசில நிரந்தரமா ஒரு மேசை, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கெண்டா டெஸ்க்டொப்புக்குப் போங்கோ.

படி 2: ரேம்

16 ஜிபி. இதில பேரம் பேசாதேங்கோ. டிசைன் செய்யிற பிக்மா பிரவுசருக்குள்ளேயே ஓடும், அதோட குரோமில இருபது டாப், கோட் எழுதிற விஎஸ் கோட், உங்கட கொம்பியூட்டருக்குள்ளேயே ஓடிற வேர்ட்பிரஸ் சைட் ஒண்டு திறந்தாலே 8 ஜிபி முடிஞ்சிடும். 8 ஜிபியோட வாற லெப்டொப் எண்டா பிறகு ரேம் ஏத்தலாமோ எண்டு கடையிலேயே கேளுங்கோ, இப்ப வாற மெலிசான மொடல் கனக்கதில ரேம் போர்டோட ஒட்டியே வருது, வாங்கினதுக்குப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. டிஸ்க் எஸ்எஸ்டியா இருக்கோணும், 512 ஜிபி காணும்.

படி 3: ஸ்கிரீன் (இதைக் கட்டாயம் வாசியுங்கோ)

நான் முதல் லெப்டொப் வாங்கேக்க கடையில நிண்ட தம்பி "டிசைன் வேலை எண்டா கிராஃபிக்ஸ் கார்ட்தான் அண்ணா முக்கியம்" எண்டு ஒரு கேமிங் லெப்டொப்பைத் தந்தவர், நானும் நம்பி வாங்கினன். கிராஃபிக்ஸ் கார்ட் நல்லாத்தான் இருந்தது. வெப் டிசைனுக்கு அதால எனக்கு ஒரு பிரயோசனமும் வரேல்ல.

ஆறு மாசத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில ஒரு சேலைக் கடைக்கு வெப்சைட் செய்தன். கூறைச்சேலைப் படங்கள், அந்த அரக்குச் சிவப்பு என்ர ஸ்கிரீன்ல மங்கிப்போய் மண் நிறமாத் தெரிஞ்சுது, அதால ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தைக் கூட்டிக் கூட்டி ரெண்டு கிழமை இருந்து முடிச்சுக் குடுத்தன். கடைக்கார அக்கா தன்ர போன்ல திறந்து பார்த்திட்டு "தம்பி, இது என்ன நிறம், எங்கட சேலை இப்பிடியே இருக்கு?" எண்டு கேட்டா. போன்ல அது கண்ணைக் குத்திற சிவப்பு. படம் முழுக்கத் திருப்பிச் செய்தன். அதே சைட்ல பெட்டிகளுக்குப் பின்னால போட்டிருந்த மெல்லிய சாம்பல் நிறமும் என்ர ஸ்கிரீன்ல வெள்ளையாத்தான் தெரிஞ்சது, இன்னொரு கொம்பியூட்டர்ல பார்த்தாப் பிறகுதான் அது அங்க இருக்கெண்டே விளங்கிச்சு.

காரணம் பேனல், அதாவது ஸ்கிரீனுக்குள்ள படம் காட்டிற தட்டு. விலை குறைஞ்ச லெப்டொப் கனக்கதில 45 சதவீதம் என்டிஎஸ்சி (எவ்வளவு நிறம் காட்டும் எண்டதுக்கு ஒரு அளவு) எண்டு போட்ட பேனல் வரும், வெப்சைட்டுக்குப் பாவிக்கிற எஸ்ஆர்ஜிபி நிறங்களில கிட்டத்தட்ட மூண்டில ரெண்டு பங்குதான் அதில தெரியும். ஐபிஎஸ் எண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இந்தப் பிரச்சினை இருக்கலாம். ஐபிஎஸ் எண்டது பக்கத்தில இருந்து பார்த்தாலும் நிறம் மாறாதெண்டதுக்கு, நிறம் எவ்வளவு தெரியும் எண்டது வேற கதை. நீங்கள் தேட வேண்டியது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, இல்லாட்டி 72 சதவீதம் என்டிஎஸ்சி, ரெண்டும் ஏறக்குறைய ஒண்டுதான். ஒரே பேரில வாற மொடலுக்குள்ளேயே ரெண்டு விதமான பேனல் வரும், அதால பெட்டியில இருக்கிற முழு மொடல் நம்பரையும் போட்டுத் தேடுங்கோ.

கடையில பார்க்கிறது இப்பிடி. வீட்டிலயே ஒரு படம் செய்து பென்டிரைவில கொண்டு போங்கோ: பாதி சுத்த வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் மூண்டும் 255, மற்றப் பாதி மூண்டும் 247. ரெண்டுக்கும் நடுவில கோடு தெரியோணும். பிறகு ஸ்கிரீனை முன்னுக்கும் பின்னுக்கும் சாய்ச்சுப் பாருங்கோ, கோடு மறையுதெண்டா அது வேண்டாம். ஒரு கலியாணப் படத்தையும் கொண்டு போய் உங்கட போனோட பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. போன் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதால அச்சொட்டா ஒண்டா இருக்கத் தேவையில்ல, ஆனா சிவப்பு மண் நிறமாகக் கூடாது.

ஏற்கனவே லெப்டொப் வாங்கியாச்செண்டா கவலைப்படாதேங்கோ, 24 இஞ்ச் ஐபிஎஸ் மொனிட்டர் ஒண்டு, அதிலயும் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி எண்டு பார்த்து வாங்கி எச்டிஎம்ஐ வயரால குத்துங்கோ. நான் கடைசியில அதைத்தான் செய்தன், இண்டைக்கும் நிறம் பார்க்கிறது அந்த மொனிட்டர்லதான்.

இன்னொண்டு. 15.6 இஞ்ச் புல் எச்டி லெப்டொப்பில விண்டோஸ் பெரும்பாலும் ஸ்கேலிங்கை (எல்லாத்தையும் பெருசாக்கிக் காட்டிறதை) 125 சதவீதத்தில வைச்சிருக்கும். அப்ப பிரவுசருக்குத் தெரியிற அகலம் 1920 இல்ல, 1536 பிக்சல். நான் 1920க்கு டிசைன் செய்து, மெனு ஏன் ரெண்டாவது வரிக்கு இறங்குது எண்டு ஒரு இரவு முழுக்க கோடைத் தேடிக்கொண்டு இருந்தன். உங்கட கிளையன்டிட்டயும் அனேகமா இப்பிடியொரு லெப்டொப்தான் இருக்கும், அதால 1536லயும் ஒருக்காப் பாருங்கோ.

படி 4: மெக் வேணுமோ

கட்டாயமில்ல. ஸ்கெட்ச் எண்ட டிசைன் சொஃப்ட்வெயார் மெக்கில மட்டும்தான் ஓடும், ஆனா பிக்மா எல்லாத்திலயும் ஓடும். மெக்கின்ர உண்மையான பலம் அப்பிளின்ர பிரவுசரான சபாரியில டெஸ்ட் பண்ணலாம் எண்டது, விண்டோஸ் சபாரியை அப்பிள் 2012லயே விட்டிட்டுது. மெக்புக் எயாரின்ர ஸ்கிரீனும் பற்றரியும் நல்லம் எண்டதையும் நான் மறுக்கேல்ல, காசிருந்தா வாங்குங்கோ. யூஸ்ட் எம்1 சிப் மெக்புக் வாங்கிறதெண்டா 8 ஜிபியா 16 ஜிபியா எண்டு பாருங்கோ, பிறகு ஏத்தவே ஏலாது. புது எயார் 2024 ஒக்டோபர்ல இருந்து 16 ஜிபியிலதான் தொடங்குது. காசு இல்லையெண்டா வீட்டில ஆற்றையும் ஐபோனை வாங்கி அதில இருக்கிற சபாரியில சைட்டைத் திறந்து பாருங்கோ, பாதிப் பிழை அதிலயே பிடிபடும்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூண்டிலயும் சைட் செய்யிற எங்களுக்கு இந்த டெஸ்ட் இன்னும் முக்கியம். ஃபொன்ட் ஒண்டும் குடுக்காட்டி விண்டோஸ் தமிழை நிர்மலா யூஐயில காட்டும், அன்ட்ரொயிட் நோட்டோ சான்ஸ் தமிழ்ல காட்டும், அப்பிளுக்கு வேற எழுத்து. ஒவ்வொண்டின்ர உயரமும் அகலமும் வேற, பட்டனுக்குள்ள வடிவா இருந்த "தொடர்புகொள்ள" இன்னொரு போன்ல ரெண்டு வரியா உடையும்.

ஐபேட், குரோம்புக் எல்லாம் ரெண்டாவது சாமானா இருக்கலாம், முதல் கொம்பியூட்டரா வேண்டாம்.

பிற்சேர்க்கை: இதை வாசிச்சிட்டு மூண்டு பேர் யூஸ்ட் லெப்டொப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். மேல சொன்ன தங்கச்சிக்கும் யூஸ்ட் லெனோவோ திங்பேட்தான் எடுத்தது, கொம்பனிகள் பாவிச்சு விட்ட திங்பேட், டெல் லட்டிடியூட் மாதிரியானது கீபோர்ட் நல்லம், கழட்டிப் பழுது பார்க்கவும் லேசு. இன்டெல் சிப் எண்டா 8ஆம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம், விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 அதுக்குக் கீழ முறையா ஏறாது. பற்றரியை நம்பாதேங்கோ, சார்ஜரைக் கழட்டிப்போட்டு கடையிலேயே அரை மணித்தியாலம் ஓட விட்டு எத்தனை சதவீதம் இறங்குது எண்டு பாருங்கோ, கடைக்காரர் முகத்தைச் சுளிச்சாலும் பரவாயில்ல.

இன்னொராள் கரண்ட் போனா லெப்டொப் இருந்தும் இன்டர்நெட் இல்லையே எண்டு எழுதினவ, அதை நான் விட்டிட்டன். ஃபைபர் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் எண்டு சின்னப் பெட்டி ஒண்டு விக்கினம். வாங்க முதல் உங்கட ரவுட்டர் அடப்டரில 12 வோல்ட் எண்டு போட்டிருக்கோ, எத்தனை அம்பியர் எண்டு பார்த்துக்கொண்டு போங்கோ.