ஊரில் மிஞ்சிய ஒருத்தி: தனிமைக் குறும்படம் எடுக்கும் முறை

ஆடி பிறந்துவிட்டால் எனக்குக் கையில் வேலை இருக்காது. நான் கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுப்பவன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆண்டு முழுவதும் மண்டபக் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் படம் எடுக்கிற கேமரா அந்த இரண்டு மாதமும் பையில் தூங்கும். அப்படித் தூங்கிய ஓர் ஆடியில்தான், உலகம் அழிந்த பிறகு தனியாக மிஞ்சிய ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கத் தொடங்கினேன். மூன்று எடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் தேறவில்லை. மூன்றாவது தேறியது. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. நான் எடுப்பது ரசிகர் படம். அப்படியென்றால், நாம் நேசிக்கிற ஒரு படைப்பின் உலகத்துக்குள் புகுந்து நாமே ஒரு படம் எடுப்பது. பெரும்பாலானவர்களுக்கு உடனே தோன்றுவது ஒரு ஹாலிவுட் படமோ வீடியோ கேமோதான். எடுக்கலாம், ஆனால் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது, அவர் பொறுத்துக்கொள்ளும் வரைதான் உங்கள் படம் நிற்கும். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்கள் பெரும்பணம் திரட்டி ஒரு படத்தில் இறங்கியபோது வழக்கு வந்தது. 2016-இல் உரிமையாளர்களே ரசிகர் படங்களுக்கு விதிகள் போட்டார்கள். ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பாகமாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், அதற்கு மேல் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நீங்கள் தேர்ந்தெடுக்கிற படைப்புக்கு இப்படி ஏதேனும் விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் வேறு வழியில் போனேன். ஃபிராங்கன்ஸ்டைனை எழுதிய மேரி ஷெல்லி 1826-இல் ‘தி லாஸ்ட் மேன்’ என்றொரு நாவல் வெளியிட்டார். கொள்ளைநோயில் மனித இனமே அழிந்து, வெர்னி என்ற ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். ஷெல்லி இறந்தது 1851-இல். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். எனவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு என்பதால் மூலத்திலிருந்தே எடுங்கள். நாவல் மிக நீளம், முழுவதையும் தொடாதீர்கள். இத்தாலியில் ஃபோர்லி என்ற ஊரில் வெர்னி ஒரு காட்டுமனிதனைக் கண்டு திடுக்கிடுகிறான். அது கண்ணாடியில் தெரிந்த அவனே. வழியிலுள்ள ஊர்ச் சுவர்களில், யாராவது உயிரோடு இருந்தால் வா, நான் ரோமில் காத்திருக்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறான். பத்து நிமிடப் படத்துக்கு இந்த இரண்டு காட்சிகளே போதும்.

அடுத்தது இடம். முதல் படத்தைத் தனுஷ்கோடியில் எடுத்தேன். அங்கே போகாதீர்கள் என்பதே என் யோசனை. இடிந்த தேவாலயச் சுவர் அழகுதான், அதில்தான் சிக்கலே இருக்கிறது. பார்ப்பவர் சுவரைப் பார்க்கிறார், மனிதரைப் பார்ப்பதில்லை. சுற்றுலா வேன்கள் இல்லாத நேரம் கிடைப்பதும் அரிது. இன்னொன்றும் உண்டு: 1964 டிசம்பர் புயலில் மெய்யாகவே மக்கள் மாண்ட மண் அது. அதைக் கற்பனை அழிவுக்கு அரங்கமாக்கியது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. இரண்டாவது படத்தை மூடிக் கிடந்த பஞ்சாலை ஒன்றில் எடுத்தேன். அங்கும் அதே கதைதான். இடிபாடு முன்னால் நின்றது, ஆள் பின்னால் போனார். மூன்றாவதைப் பெரியம்மா வீட்டில் எடுத்தேன். இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்கட்டில் துவைக்கும் கல். பாழடைந்த இடத்தில் ஒருவர் தனியாக இருப்பது இயல்பாகத் தெரிகிறது. பழகிய வீட்டில், எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, ஆள் மட்டும் இல்லாதபோதுதான் நெஞ்சு அடைக்கிறது.

நடிப்பதற்கு நடிகரைத் தேடாதீர்கள். கைவேலை தெரிந்தவரைத் தேடுங்கள். வசனமில்லாத படத்தில் கைகள்தான் பேச வேண்டும். என் பெரியம்மா முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். வெர்னியை ஒரு பெண்ணாக மாற்றி அவரிடம் கதையைச் சொன்னேன். காலையில் எழுந்து கோலம் போடுவதாக ஒரு காட்சி வைத்திருந்தேன். “ஊரில் யாருமே இல்லையென்றால் கோலம் எதற்கு ஐயா?” என்று கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன். சற்று நேரம் கழித்து அவரே, “எறும்பு சாகவில்லையே, போடலாம்” என்றார். அன்று முழுவதும் அரிசி மாவில்தான் கோலம் போட்டார். எறும்புகள் வரும் வரை கேமராவை அணைக்காமல் காத்திருந்தேன்.

நாள் கணக்கைக் காட்ட நாள்காட்டி வைத்தேன். தினமும் ஒரு தாள் கிழிக்கிற, எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற அதே காலண்டர். டிசம்பர் 31-ஐக் கிழித்ததும் அட்டை மட்டும் மிஞ்சுகிறது. புதிய காலண்டர் கொடுக்கக் கடை இல்லை. அதற்கு மேல் என்ன செய்வார்? கோவில்பட்டியில் கடைசி மனுஷிக்கு எது தீர்ந்தாலும் தீக்குச்சி தீராது. நாளுக்கு ஒரு குச்சி வீதம் ஜன்னல் திண்டில் அடுக்கச் சொன்னேன். பெரியம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டே அடுக்கினார். ஒரு குச்சிகூடத் தலைமாறி விழவில்லை. மருந்துமுனை அத்தனையும் ஒரே பக்கம். அந்த விரல்களை மிக அருகிலிருந்து நாற்பது நொடி எடுத்தேன், ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. உங்கள் ஊர் என்ன தொழில் செய்கிறதோ அதைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள். தறியானாலும் வலையானாலும் சரி.

உலகம் நின்ற பிறகு எது வேலை செய்யும், எது செய்யாது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஆழ்குழாய் மோட்டார் ஓடாது. கயிறும் வாளியும் உள்ள கிணறுதான் கதி. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். பத்து வருடம் கழித்து மோட்டார் சைக்கிளில் கிளம்புவதாகக் காட்டினால் விவரம் தெரிந்தவர் நம்பமாட்டார். அரிசியில் வண்டு விழும், நெல்லாக வைத்தால் இன்னும் தாங்கும், உப்பு கெடாது. என் இரண்டாவது படத்தில் இரவுக் காட்சி ஒன்றின் மூலையில் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு என்னால் அந்தக் காட்சியையே பார்க்க முடியவில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் வாங்கி, எரிகிற சிறு விளக்குகள் அனைத்தையும் ஒட்டி மறைத்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடங்குங்கள்.

தெருவை வெறிச்சோட வைப்பது எப்படி என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ‘28 டேஸ் லேட்டர்’ படக்குழு லண்டனில் விடியற்காலையில், சிறிய வீடியோ கேமராக்களைக் கொண்டு, போக்குவரத்தைச் சற்று நேரம் மட்டும் நிறுத்தி எடுத்தது. நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் காத்திருக்க முடியும். கேமராவை முக்காலியில் இறுக்கி, வெளிச்சமும் ஃபோகஸும் மாறாதபடி பூட்டிவிட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். தெருவின் இடப்பக்கம் காலியாகிற சில நொடிகள் வரும். வலப்பக்கம் காலியாகிற நொடிகள் வேறொரு சமயம் வரும். எடிட்டிங்கில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு மின்கம்பத்தை ஒட்டி வெட்டி இணையுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். வெட்டுக்கோடு மரத்தின் குறுக்கே போகக் கூடாது, ஆடிக் காற்றில் கிளை அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். நிழல் நகர்வதும் காட்டிக்கொடுக்கும், ஆகவே மேகம் மூடிய நாளே நல்லது. தெருவில் போகிறவர்களின் முகம் படத்தில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

கேமரா பெரிதாக வேண்டாம், கைபேசியே போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிப்பது படத்தில் தெரியும்.

படம் சுமாராக இருந்தாலும் மன்னிப்பார்கள், ஒலி கெட்டால் யாரும் உட்காரமாட்டார்கள். மனிதர் இல்லாத ஊர் மௌனமாக இருக்கும் என்று நினைத்து முதல் படத்தில் ஒலியையே எடுத்துவிட்டேன். ஸ்பீக்கர் பழுது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். காற்று இருக்கும், காகம் இருக்கும், எங்கோ ஒரு தகரம் தட்டிக்கொண்டிருக்கும். போக வேண்டியது மோட்டார் இரைச்சல் மட்டுமே. மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். அணைத்ததும் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மீண்டும் போட மறக்கமாட்டீர்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் ஓசையைப் பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு இடையே நிரப்ப அது வேண்டும். ஆடியில் அம்மன் கோவில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடியுமுன்னே பஜனை. இரண்டையும் நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த நேரத்தில் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, காலடி, வாளி, கதவு ஒலிகளைப் பிறகு மூடிய அறைக்குள் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்தேன். வெளியில் பதிவு செய்யும்போது மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் கரிசல் காட்டுக் காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கண்ணாடிக் காட்சிக்கு ஒரே ஒரு முன்னேற்பாடு செய்தேன். அன்று காலை வீட்டிலிருந்த கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டேன். தலைமுடியைக் கலைத்துவிட்டு, முகத்தில் கரியும் புழுதியும் பூசியது என் மனைவி. பக்கத்துத் தெருவில் தூசு படிந்து நின்ற கார் ஒன்றின் உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய அனுமதியோடு, பெரியம்மாவை அதன் பக்கம் நடக்கச் சொன்னேன். “கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள் பெரியம்மா” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் துடைத்தார். பார்த்தார். பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கையை உயர்த்தி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். யாரோ பார்க்கிறார்கள் என்பது போல. இரண்டாவது டேக் எடுக்கவில்லை. இப்படி ஒன்று தானாக வந்து விழுந்தால் நீங்களும் எடுக்காதீர்கள்.

சுவரில் எழுதும் காட்சியைக் கடைசிக்கு வையுங்கள். நாங்கள் பெரியம்மா வீட்டுப் பின்சுவரில் கரிக்கட்டையால் எழுதினோம். பொதுச்சுவரில் எழுதாதீர்கள். முதல் தடவை எழுத்துகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது போல ஒழுங்காக வந்தன. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். “இங்கேதான் இருக்கிறேன். வா. சோறு இருக்கிறது.” கடைசி இரண்டு சொற்கள் என் தாளில் இல்லை, அவரே சேர்த்தவை. அந்தச் சுவரைப் பன்னிரண்டு நொடி காட்டிவிட்டு, மேரி ஷெல்லியின் நாவலைத் தழுவியது என்ற வரியைப் போட்டுப் படத்தை முடித்தேன். யாராவது வந்தார்களா என்பதைக் காட்டவில்லை.