மழை நாளில் ஊட்டி டவுனில் நடந்தே வேலைகளை முடிப்பது எப்படி?

ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மழைக்காலத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். "மழை விடட்டும், போய்க்கொள்ளலாம்" என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆடி மாதத்தில் அது விடாது. தபால், பேங்க், மருந்து, காய்கறி என்று வேலைகள் சேர்ந்துகொண்டே போகும். இந்த ஊரில் மழையோடுதான் வேலைக்குப் போக வேண்டும். முறையாகப் போனால் கஷ்டமே இல்லை. அந்த முறையை முதல் தடவை போகிறவருக்குச் சொல்வது போல எழுதுகிறேன்.

1. எந்த மழை என்று பாருங்கள்

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இரண்டும் வேறு வேறு குணம். ஜூன் முதல் வருவது காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் சாரல். மேற்கே உள்ள மலைகள் பெரும் பங்கை வாங்கிக்கொள்வதால் டவுனுக்கு அதன் மிச்சம்தான் வருகிறது. 2019 ஆகஸ்டில் அந்த மலைப் பக்கம் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோதும் டவுனில் அந்த அளவு பெய்யவில்லை. ஆனால் டவுன் சாரல் நாள் முழுக்க விடாமல் அடிக்கும். ஆகவே அதில் நேரம் பார்த்துப் பயனில்லை, எப்போது கிளம்பினாலும் ஒன்றுதான்.

ஐப்பசி மழை வேறு. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் ஒன்பது மணிக்கே கிளம்பி, சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்த நாளில் பெரியவர்களும் வீட்டிலேயே இருப்பது நல்லது. 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் எந்தத் தபாலும் அவசரம் இல்லை.

2. உடுப்பும் பையும்

ஆடிக் காற்றில் குடை நிற்காது, மடங்கித் திரும்பிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே வரும் மழைக்கோட்டு வாங்குங்கள். ஸ்வெட்டர் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே போட்டால் நனைந்து கனத்து, காய இரண்டு நாள் ஆகும். காலுக்கு அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற ரப்பர் செருப்போ கம்பூட்ஸோ போதும். பாசி பிடித்த பழைய படிகளில் தேய்ந்த செருப்போடு இறங்க வேண்டாம்.

பை முக்கியம். நீலகிரியில் பிளாஸ்டிக் கேரி பை தடை செய்யப்பட்டது, கடையில் காகிதப் பையில்தான் போட்டுத் தருவார்கள். மழையில் காகிதப் பை பத்தே நிமிடத்தில் அடி விட்டுவிடும். அதனால் வீட்டிலிருந்து மூன்று கொண்டு போங்கள்: காய்கறிக்கு ஒரு கட்டைப்பை, மற்ற சாமானுக்கு ஒரு மஞ்சப்பை, மூடி இறுக்கமாக உள்ள ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பா எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

3. பட்டியலை ஈரப்படி அடுக்குங்கள்

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். காகிதம் முதலில், உலர்ந்த சாமான் அடுத்து, ஈரச் சாமான் கடைசி.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் வீட்டுக்குப் பக்கம் என்று மார்க்கெட்டுக்குத்தான் முதலில் போனேன். மேரக்காயும் கீரையும் தண்ணீர் சொட்டச் சொட்டப் பையில் இருந்தன. அதே பையின் ஓரத்தில் ஒரு விண்ணப்பமும் இருந்தது. அலுவலகத்தில் அதை எடுத்து விரித்தால், ஜெல் பேனாவில் எழுதிய என் பெயர் நீலமாகக் கரைந்து அப்பா பெயர் வரை இறங்கியிருந்தது. ஒட்டிய போட்டோவின் முனை கையோடு வந்துவிட்டது. புதுப் படிவம் வாங்கி, மறுபடி கையெழுத்துக்கு அலைந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து படிவம் எழுத பால் பாயின்ட் பேனாதான். காகிதங்கள் கோட்டுக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டிய பையில் இருக்கும்.

ஊரின் அமைப்பும் இந்த வரிசைக்கு ஒத்துவருகிறது. டவுன் ஒரு கிண்ணம் மாதிரி. கோர்ட்டு, தலைமைத் தபால் நிலையம், நூலகம் எல்லாம் மேட்டில். கடைவீதி நடுவில். மார்க்கெட், பஸ் நிலையம், ஏரி எல்லாம் அடியில். போகும்போது பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மேட்டுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நடை முழுக்க இறக்கம்தான். தண்ணீர் போகும் திசையிலேயே நீங்களும் போகிறீர்கள்.

4. மேட்டில்: காகித வேலை

தபாலை முதலில் முடியுங்கள். அங்கே ரசீது வாங்கியதும் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

அந்தப் பக்கம்தான் புனித ஸ்டீபன் தேவாலயம். 1829ல் அடிக்கல் நாட்டி, 1830ல் பிரதிஷ்டை செய்தார்கள். திறந்திருந்தால் ஐந்து நிமிடம் உள்ளே போங்கள். கோட்டு சொட்டுமல்லவா, வாசலிலேயே கழற்றி உதறிவிட்டுப் போவது மரியாதை. தலைக்கு மேலே பாருங்கள். அந்த மரங்கள் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தவை. வெயில் நாளில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும். மழை நாளில் அநேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள், கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். ஊட்டியை ஊராக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இதே வளாகத்தில்தான் அடக்கம்.

1859ல் தொடங்கிய நீலகிரி நூலகமும் நடக்கும் தூரம்தான். உறுப்பினராக இருந்து புத்தகம் திருப்பித் தர வேண்டியிருந்தால் அதையும் இந்தச் சுற்றிலேயே முடித்துவிடுங்கள். புதிதாக எடுப்பதை மட்டும் வெயில் நாளுக்குத் தள்ளுங்கள். பழைய பைண்டிங் ஒரு முறை நனைந்தால் பழைய நிலைக்கு வரவே வராது. நம் கையால் அது நடக்க வேண்டாம்.

5. இறங்கும்போது

படிகளில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். மழை வலுத்தால் கடைத் திண்ணையில் ஒதுங்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கற்பூர மரத்தடியிலும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தடியிலும் மட்டும் ஒதுங்க வேண்டாம். ஊறிய மண்ணில் காற்று அடித்தால் மரம் வேரோடு சாயும். ஒவ்வொரு ஆடியிலும் அப்படி மரம் விழுந்து சாலை அடைபடுகிறது.

சேரிங்கிராஸ் சந்திப்பு வந்தால் நடுவில் உள்ள நீரூற்றைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. 1881ல் இதே ஊரில் காலமான சென்னை மாகாண ஆளுநர் ஆடம் நினைவாகக் கட்டியது. அங்கிருந்து கமர்சியல் ரோடு வழியாக மருந்து, பேட்டரி, நூல்கண்டு என்று உலர்ந்த சாமான்களை வாங்கிக்கொண்டே வாருங்கள். எல்லாம் மஞ்சப்பைக்குள்.

டீ குடிப்பதும் இங்கேதான். உட்காராமல் நின்றே குடியுங்கள். நனைந்த காலோடு உட்கார்ந்தால் குளிர் ஏறிவிடும், அப்புறம் எழுந்திருக்க மனசு வராது.

6. கடைசியாக மார்க்கெட்

மார்க்கெட்டின் ஒரு பகுதியை இடித்துக் கட்டும் வேலை வந்ததில் கடைகள் இடம் மாறின. ஏ.டி.சி. பஸ் நிறுத்தத்துப் பக்கம் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

மழை நாளில் காய் வாங்க ஒரு கண் வேண்டும். கேரட்டைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள், எல்லாமே பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பாமல் காம்புப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தால் வேண்டாம். உருளைக்கிழங்கு மண் ஒட்டியதாக எடுங்கள். கழுவிய கிழங்கு மழைக்காலத்தில் சீக்கிரம் அழுகும். முட்டைக்கோஸை அடிப்பாகம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்தால் இலைக்குள் தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து எடை போடுவார்கள். பூண்டு மட்டும் மஞ்சப்பைக்கு.

எல்லாம் முடிந்தபின் வர்க்கி, இந்த ஊர் பேக்கரிகளின் மொறுமொறுப்பான பண்டம். அதற்குத்தான் டப்பா. மழைக் காற்று பட்டால் வர்க்கி அரை மணி நேரத்தில் நமுத்துவிடும். ரசீதை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் டப்பாவைக் கொடுத்து, "அண்ணா, இதிலேயே போட்டுடுங்க" என்று சொல்லுங்கள். வாங்கியதும் மூடியை அழுத்துங்கள்.

பஸ் நிலையத்துக்கு நடப்பதானால் ஒரு எச்சரிக்கை. லோயர் பஜார் பக்கம் ரயில்வே பாலத்துக்கு அடியில் பெருமழையில் தண்ணீர் தேங்கும். சல்லிவன் காலத்தில் ஓடைகளை மறித்து ஏரி கட்டினார்கள். இன்றும் டவுன் தண்ணீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக அந்த ஏரிக்குத்தான் போகிறது. கால்வாய் நிரம்பினால் முதலில் நிற்பது இந்தத் தாழ்வான இடத்தில். பழுப்புத் தண்ணீரில் பள்ளம் தெரியாது. அங்கே நடந்து கடக்காமல் ஏ.டி.சி.யிலேயே பஸ் ஏறிவிடுங்கள்.

7. வீட்டுக்கு வந்ததும்

கோட்டை வாசலில் மாட்டுங்கள். கம்பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள், காலைக்குள் காய்ந்துவிடும். கோஸையும் கேரட்டையும் துணியில் பரப்புங்கள், பையோடு மூலையில் வைக்காதீர்கள். ரசீதை அடுப்படியில், ஆவி படாத பக்கத்து ஆணியில் குத்திவையுங்கள். பிறகு பால் காய்ச்சிக்கொண்டே டப்பாவைத் திறந்து ஒரு வர்க்கியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் மூடியை அங்கே சரியாக அழுத்தியிருக்கிறீர்கள்.