ரூட்டர் பிட் தானாக இறங்கியது: காரணம் 0.35 மி.மீ.

மரத்தில் பள்ளம் வெட்டும் கருவியான ரூட்டரில் 6 மி.மீ. ஆழம் வைத்து ஓட்டிய காடி, பலகையின் மறுமுனையில் 8 மி.மீ. ஆகியிருந்தது. மூன்று நாள் இதிலேயே போனது. ஆழப் பூட்டை இறுக்கினேன், பிட்டின் (வெட்டும் அலகின்) தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் ஒட்டிய பிசினைத் துடைத்தேன், ஒரே வெட்டை இரண்டாகப் பிரித்தேன். பயனில்லை.

பிட்டின் தண்டைச் சுற்றி மினுமினுப்பாக ஒரு தேய்மானக் கோடு. அதுதான் துப்பு. வெர்னியர் அளவியில் அளந்தால் தண்டு 6.00 மி.மீ.; காலெட்டோ கால் அங்குலம், அதாவது 6.35. கைக்கு இறுகினாற்போல்தான் இருக்கும். மரத்தில் இறங்கியதும் நழுவும். (கழன்று பறக்காதது அதிர்ஷ்டம்.)

கால் அங்குலத் தண்டுள்ள பிட் வாங்கி, காலெட்டின் அடிவரை செருகிப் பிறகு 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்கினேன். ஆழம் நிலைத்தது.

வாங்கும்போது, பிட்டில் கார்பைடு (வெட்டும் கடினமான முனை) ஒட்டிய பற்றவைப்புக் கோட்டையும் பாருங்கள். துளையோ இடைவெளியோ இருந்தால் வேண்டாம். கார்பைடு மெலிசாக இருந்தால் மறுசாணைக்குத் தாங்காது.